மூன்று தூண்கள் என்பது பாதி உண்மை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து குரூப் 1 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை மூன்றும் தனித்தனியானவை, சமமானவை என்று பாடநூலில் இருக்கிறது. ஆனால் பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்றத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லா உத்தரவும் குடியரசுத் தலைவர் பெயரில் வருகிறது, முடிவெடுப்பவர் அவர் இல்லை என்கிறார்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்கிறது. அப்படியானால் யார் பெரியவர்? புதுச்சேரியில் ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் நடக்கும் இழுபறியும் இதே கணக்கில் வருமா?”

யார் பெரியவர் என்ற கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். புதுச்சேரியில் சில ஆண்டுகள் சட்ட மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியோடு தொடங்கிய மாணவர்கள் யாரும் நல்ல விடை எழுதியதில்லை. நமது அரசமைப்புச் சட்டம் அதிகாரத்தை மூன்று சம பங்காக வெட்டி மூவரிடம் கொடுக்கவில்லை. சட்டமியற்றுவோருக்கும் ஆட்சி நடத்துவோருக்கும் இடையே அது ஏறக்குறைய சுவரே எழுப்பவில்லை. நீதிமன்றத்தைச் சுற்றி மட்டும் உயரமான மதில் எழுப்பியிருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வு தவறுதலாக வந்ததன்று, தெரிந்தே செய்யப்பட்டது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் புதுச்சேரியைவிட வசதியான ஊர் கிடையாது. பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் குடும்பங்களை இங்கே ‘சொல்தா வீடு’ என்பார்கள். 1962 ஆகஸ்ட் 16இல் இந்தியாவுடனான சட்டப்படியான இணைப்பு நடைமுறைக்கு வந்தபோது, குறிப்பிட்ட காலத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்நாட்டுத் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்காரர் பிரெஞ்சு அதிபரைத் தாமே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் மக்களவைக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார், அந்த உறுப்பினர் வழியாகத்தான் பிரதமர் என்ற ஒருவர் உருவாகிறார். வேறுபாடு அதோடு முடியவில்லை. பிரான்சின் 1958ஆம் ஆண்டு அரசமைப்பின் 23ஆவது பிரிவுப்படி, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் அமைச்சரானால் அவர் தம் இருக்கையை விட்டுவிட வேண்டும். அவருடன் சேர்ந்து தேர்வான மாற்று உறுப்பினர் அந்த இடத்தில் அமர்வார். நமது அரசமைப்பின் 75ஆவது பிரிவின் 5ஆம் உட்பிரிவு இதற்கு நேர்மாறு. அமைச்சராக இருப்பவர் தொடர்ந்து 6 மாதம் எந்த அவையிலும் உறுப்பினராக இல்லாவிட்டால் அவருடைய அமைச்சர் பதவி போய்விடும். அங்கே அமைச்சர் அவையில் இருக்கக் கூடாது, இங்கே இல்லாமல் இருக்கக் கூடாது. ‘அதிகாரப் பிரிவினை’ என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் இரண்டையும் பாடநூல்கள் வைக்கின்றன.

அரசியல் நிர்ணய சபையில் இது பேசப்படாமல் போகவில்லை. 1948 டிசம்பரில் சபை உறுப்பினர் கே.டி. ஷா, அரசின் மூன்று உறுப்புகளுக்கும் இடையே முழுமையான பிரிவினை இருக்க வேண்டும் என்று ஒரு புதிய பிரிவையே சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பே, நவம்பர் 4ஆம் தேதி வரைவு அரசமைப்பை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் காரணத்தைச் சொல்லிவிட்டார். மக்களாட்சியில் நிர்வாகத்துக்கு நிலைத்தன்மையும் வேண்டும், பொறுப்பும் வேண்டும். இரண்டையும் ஒரே அளவில் தரும் முறையை யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்க முறை நிலைத்தன்மையைக் கூடுதலாகத் தருகிறது, பிரிட்டிஷ் முறை பொறுப்பைக் கூடுதலாகத் தருகிறது. வரைவு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அமெரிக்காவில் தேர்தல் வரும்போதுதான் அதிபரின் கணக்கைப் பார்க்க முடியும். இங்கே கேள்வி நேரம், ஒத்திவைப்புத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று அன்றாடமும் பார்க்கலாம்.

1999 ஏப்ரல் 17ஆம் தேதி மக்களவையில் நடந்தது இந்த ஏற்பாட்டின் முழுப் பொருளையும் காட்டிவிட்டது. வாஜ்பாய் அரசு கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே ஒரு வாக்கில் ஓர் அரசு வீழ்ந்தது. சுவர் இல்லாத இடத்தில் கயிறு கட்டியிருக்கிறார்கள் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. கயிறு தளர்ந்து கிடக்கும் காலமும் உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை கிடைத்து, கட்சித் தாவல் தடைச் சட்டமும் கொறடாவின் உத்தரவும் உறுப்பினரின் கையைக் கட்டிப்போட்டிருக்கும்போது, அவை அமைச்சரவையைக் கட்டுப்படுத்துவதைவிட அமைச்சரவை அவையைக் கட்டுப்படுத்துவதுதான் அதிகம். 1985இல் 52ஆவது திருத்தத்தின் மூலம், கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை வந்தபோது உறுப்பினரை விலைபேசுவதைத் தடுப்பதுதான் நோக்கம்; அதற்குக் கொடுத்த விலை கொஞ்சமன்று என்பது என் கருத்து.

குடியரசுத் தலைவரைப் பற்றிய குழப்பத்துக்கு விடை சுருக்கமானது. 53ஆவது பிரிவு ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரத்தை அவரிடம் வைக்கிறது; 74ஆவது பிரிவு அதை அமைச்சரவையின் ஆலோசனைப்படி செலுத்தச் சொல்கிறது. இந்த ஆலோசனை அவரைக் கட்டுப்படுத்தும் என்பதை 1976இன் 42ஆவது திருத்தம் வெளிப்படையாக எழுதியது. 1978இன் 44ஆவது திருத்தம் ஒரு முறை மட்டும் மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்ப இடம் கொடுத்தது; இரண்டாம் முறை அதே ஆலோசனை வந்தால் ஏற்றே ஆக வேண்டும். கோயில் நிலத்தின் பட்டா சாமி பெயரில் இருக்கும், சாகுபடி கணக்கைப் பார்ப்பவர் அறங்காவலர். அதுபோலத்தான்.

பணத்தில்தான் இந்தப் பங்கீடு மிக நுணுக்கமாகச் செய்யப்பட்டிருக்கிறது; தேர்வுக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் இடமும் அதுதான். குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல், அதாவது அமைச்சரவை கேட்காமல், மானியக் கோரிக்கை, அதாவது அரசின் செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கை, எதையும் மக்களவை முன் வைக்க முடியாது. அமைச்சரவை கேட்டாலும் மக்களவை ஒப்புதல் தந்து ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறாமல் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய் வெளியே வராது. கேட்பவர் தானே கொடுத்துக்கொள்ள முடியாது, கொடுப்பவர் தானே கேட்டுக்கொள்ளவும் முடியாது. பண மசோதாவை மாநிலங்களவை 14 நாள் வைத்திருக்கலாம், அதற்கு மேல் அதனால் எதுவும் செய்ய இயலாது. செலவான பிறகு தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்த்து எழுதும் அறிக்கை மீண்டும் நாடாளுமன்றத்தின் முன்னேயே வந்து சேர்கிறது.

சுவர் இல்லை என்று சொன்னேன். அப்படியானால் சட்டமியற்றும் வேலையையே நிர்வாகத்திடமோ வேறு யாரிடமோ கொடுத்துவிடலாமா? முடியாது. அதற்கான எல்லையை வரைந்த வழக்குகளில் ஒன்று எங்கள் ஊரிலிருந்தே போனது. இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படும் ஷாமா ராவ் வழக்கு அது. புதுச்சேரியில் இருப்பவர்களுக்கே அது நம்மூர் வழக்கு என்று தெரியாது.

கதை இதுதான். 1963ஆம் ஆண்டின் ஒன்றிய ஆட்சிப் பகுதிகள் அரசுச் சட்டத்தின்படி புதுச்சேரிக்குச் சட்டமன்றம் வந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. 1965இல் அந்தச் சட்டமன்றம் விற்பனை வரிக்கு ஒரு சட்டம் போட்டது. தானே பிரிவு பிரிவாக எழுதாமல், அன்று சென்னை மாநிலம் எனப்பட்ட தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டுச் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட விதத்தில்தான் சிக்கல். ‘இந்தச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குச் சற்று முன்பு சென்னையில் எந்த வடிவில் அந்தச் சட்டம் இருக்கிறதோ, அந்த வடிவில்’ இங்கும் பொருந்தும் என்று எழுதினார்கள். நடைமுறைக்கு வரும் நாளைக் குறிக்கும் வேலையை அரசிடம் விட்டார்கள். அரசு 1966 ஏப்ரல் 1ஆம் தேதியைக் குறித்தது. இடைப்பட்ட காலத்தில் சென்னைச் சட்டமன்றம் தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. ஆகவே, புதுச்சேரி உறுப்பினர்கள் கைதூக்கி நிறைவேற்றியபோது அவர்கள் கண்முன் இருந்தது ஒரு சட்டம். ஏப்ரல் 1ஆம் தேதி வணிகரின் கடை வாசலுக்கு வந்தது இன்னொரு சட்டம். அந்த இன்னொன்றைப் புதுச்சேரி வாக்காளர் தேர்ந்தெடுத்த யாரும் பார்த்ததில்லை.

வணிகராகப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்ததும், இவ்வூர் வணிகர் ஒருவர் 32ஆவது பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே சட்டமன்றம் விழித்துக்கொண்டு, 1966இல் ஒரு திருத்தச் சட்டம் போட்டு, பழைய சட்டம் தொடக்கத்திலிருந்தே செல்லும் என்றது. 1967இல் ஐந்து நீதிபதிகளில் மூவர் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தார்கள். எதிர்காலத்தில் சென்னைச் சட்டமன்றம் என்ன செய்தாலும் எங்களுக்குச் சம்மதம் என்று முன்கூட்டியே சொன்னது சட்டமியற்றல் ஆகாது, அது தன் கடமையை மொத்தமாக விட்டுக்கொடுத்தது என்றார்கள். பிறக்கும்போதே உயிரில்லாத சட்டத்துக்குப் பின்னால் வந்த திருத்தம் உயிர் கொடுக்க முடியாது என்றும் சொன்னார்கள். அதன் பிறகு புதுச்சேரி தனக்கென்று 1967ஆம் ஆண்டுப் பொது விற்பனை வரிச் சட்டத்தை எழுதிக்கொண்டது. இந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே பிற்கால வழக்குகளில் குறுக்கிப் பொருள்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் உங்கள் விடை முழுமையாகும். ஆனால் அடிப்படைக் கோடு அழியவில்லை. கொள்கையைச் சட்டமன்றம் முடிவு செய்ய வேண்டும். விண்ணப்பப் படிவம், கட்டணம், கால அளவு போன்ற விவரங்களை விதிகள் மூலம் அரசு நிரப்பிக்கொள்ளலாம். தில்லிச் சட்டங்கள் குறித்த 1951ஆம் ஆண்டுக் கருத்துரையிலேயே உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைப் போட்டுவிட்டது.

அந்த வணிகரின் வழக்கில் எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. சட்டப்படியான இணைப்பு நடந்து நான்கே ஆண்டுதான் ஆகியிருந்தது. பிரெஞ்சு மரபில், 1790ஆம் ஆண்டிலிருந்தே, நிர்வாகத்தின் வேலையில் நீதிபதி தலையிடக் கூடாது என்பது சட்டம். அதனால்தான் அங்கே அரசுக்கு எதிரான வழக்குகளுக்கென்று தனி நிர்வாக நீதிமன்றங்கள் வளர்ந்தன. நடைமுறைக்கு வந்துவிட்ட ஒரு சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று சாதாரணக் குடிமகன் தன் வழக்கில் எழுப்பும் வழி பிரான்சில் 2010 மார்ச்சில்தான் திறந்தது. எங்கள் ஊர் வணிகருக்கு அந்த வழி 1966இலேயே திறந்திருந்தது. அதிகாரப் பிரிவினையைப் பற்றி 1748இலேயே எழுதி உலகுக்குக் கற்றுத்தந்த மோந்தெஸ்கியேவின் நாடு இது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நீதித்துறை தனித்திருக்க வேண்டும் என்பதை அந்நாடு, நீதிபதியை நிர்வாகத்திடமிருந்து விலக்கி வைப்பதாக எடுத்துக்கொண்டது. நாமோ நிர்வாகத்தை நீதிபதியிடமிருந்து விலக்கி வைப்பதாக எடுத்துக்கொண்டோம்.

இனி அந்த மதிலைப் பார்க்கலாம். கடலூரில் இருப்பவருக்கு இதைக் காட்ட மஞ்சக்குப்பமே போதும். வெள்ளையர் காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தின் கலெக்டர் வரியும் வசூலித்தார், மாஜிஸ்திரேட்டாகவும், அதாவது குற்றவியல் நடுவராகவும், இருந்தார். அவருக்குக் கீழிருந்த வருவாய் அதிகாரிகளுக்கும் குற்றவியல் அதிகாரம் இருந்தது. ஒருவரைப் பிடிக்கச் சொன்ன கையே தண்டிக்கவும் செய்தது. நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 50ஆவது பிரிவு சொன்னாலும், அது நீதிமன்றம் மூலம் நிறைவேற்றச் சொல்ல முடியாத வழிகாட்டும் நெறிமுறைதான். நாட்டின் பெரும்பகுதிக்குமாக 1974 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான் நீதித்துறை நடுவரையும் நிர்வாகத்துறை நடுவரையும் இரண்டாகப் பிரித்து, முன்னவரை உயர் நீதிமன்றத்தின் கீழ் வைத்தது. ஊரில் பதற்றம் என்றால் ஐந்து பேர் கூடக் கூடாது என்று தடை போடுவது இன்றும் நிர்வாகத்துறை நடுவரின் வேலை. பழைய சட்டத்தின் 144ஆவது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 163ஆவது பிரிவு. அந்தத் தடையை மீறியதாகப் பிடிபட்டவருக்கு ஜாமீனா, காவலா என்று முடிவு செய்பவர் வேறு கட்டடத்தில் இருப்பவர், அவருக்குக் கலெக்டர் மேலதிகாரி அல்லர்.

தேசிய அளவில் இதே மதில் அடுத்தடுத்த இரண்டு பிரிவுகளில் இருக்கிறது. நீதிபதி தம் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி, பதவி நீக்கத் தீர்மானத்தின்போது தவிர, நாடாளுமன்றத்தில் பேசக் கூடாது என்கிறது 121. அவை நடவடிக்கைகளில் நடைமுறைக் குறை இருக்கிறது என்று நீதிமன்றம் கேள்வி எழுப்பக் கூடாது என்கிறது 122. உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சுமத்தப்பட்டது. அதை அவையில் விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. ஒரு தீர்ப்பு பிடிக்கவில்லை என்று சம்பளத்தில் கை வைக்க வழியில்லை. பதவி நீக்கத்துக்கு ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேலும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் வேண்டும். 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் மீது வந்த தீர்மானம் அந்த அளவை எட்டாமல் மக்களவையிலேயே விழுந்தது.

நாடாளுமன்றம் தானே நீதிபதியாக உட்கார முயன்ற ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 1975இல் 39ஆவது திருத்தத்தின் மூலம், பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தலைச் செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒதுக்கித் தள்ளி, அந்தத் தேர்தல் செல்லும் என்று அரசமைப்புக்குள்ளேயே எழுதினார்கள். நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த அந்த நவம்பரில், அந்த உட்பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியது. இரண்டு பேருக்கு இடையிலான ஒரு குறிப்பிட்ட வழக்கை, எந்தச் சட்டத்தையும் பொருத்திப் பார்க்காமல் சட்டமன்றமே முடித்துவைப்பது சட்டமியற்றல் அன்று என்பது அதன் காரணங்களில் ஒன்று. மாற்றப்பட்ட தேர்தல் சட்டத்தின்படி தேர்தல் செல்லும் என்றே இறுதியில் சொன்னார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 1973 ஏப்ரல் 24இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 பேர் கொண்ட அமர்வு 7க்கு 6 என்று வகுத்த கோட்பாடு, அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தாலும் மாற்ற முடியாது என்பது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நாடாளுமன்றத்தின் திருத்தத்தை வீழ்த்த அது முதலில் பயன்பட்டது இந்த வழக்கில்தான்.

மதில் உயரம்தான், சில இடங்களில் தேவைக்கு மேல் உயரம் என்பதும் என் எண்ணம். நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் கொலீஜிய முறை அரசமைப்பில் எழுதப்பட்டதன்று. 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து வளர்ந்தது. அதை மாற்ற வந்த 99ஆவது திருத்தத்தை 2015 அக்டோபர் 16இல் 4க்கு 1 என்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அமைச்சரின் கை நியமனத்தில் ஓங்கக் கூடாது என்ற அச்சம் நியாயமானது. ஆனால் யார், ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது வெளியே தெரியாமல் இருப்பதற்கு அந்த அச்சம் சமாதானம் ஆகாது.

கடைசியாகப் புதுச்சேரி. பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தருகே நின்றால் வடக்கே ராஜ்நிவாஸ் எனப்பட்டுவந்த துணைநிலை ஆளுநர் மாளிகை தெரியும், மேற்கே சட்டமன்றம் தெரியும். நீதிமன்ற வளாகம் மட்டும் தள்ளிக் கடலூர் சாலையில் இருக்கிறது. இந்தக் காட்சியைப் பார்த்துத்தான் பலரும் ஆளுநர் முதலமைச்சர் பூசலை, நிர்வாகத்துக்கும் சட்டமன்றத்துக்குமான பூசல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படியன்று. 239ஆவது பிரிவின்படி ஒன்றிய ஆட்சிப் பகுதியைக் குடியரசுத் தலைவர் தாம் நியமிக்கும் ஒருவர் வழியாக ஆள்கிறார். எங்களுக்குச் சட்டமன்றம் ‘இருக்கும்’ என்று அரசமைப்பு சொல்லவில்லை; நாடாளுமன்றம் ஒன்றை ‘உருவாக்கலாம்’ என்றுதான் 239ஏ சொல்கிறது. தில்லிக்கு ‘இருக்கும்’ என்றே அரசமைப்பு சொல்கிறது; தில்லிக்கும் எங்களுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி துணைநிலை ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டும். கருத்து வேறுபாடு வந்தால் அது குடியரசுத் தலைவரிடம் போகும். அங்கே அவர் யார் ஆலோசனைப்படி முடிவு செய்வார் என்பதை மேலே 74ஆவது பிரிவில் பார்த்துவிட்டோம்: ஒன்றிய அமைச்சரவை. ஆக, ஒரே நிர்வாகத்துறையின் இரண்டு அடுக்குகளுக்கு இடையிலான தகராறு இது. 30 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கும் அவையில் மேலும் 3 பேர் வரை ஒன்றிய அரசு நியமிக்கலாம், அதற்கு இங்குள்ள அமைச்சரவையின் பரிந்துரை தேவையில்லை, அவர்கள் வரவுசெலவுத் திட்டத்திலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் வாக்களிக்கலாம் என்று 2018 டிசம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது இந்த அடிப்படையில்தான். ‘பொறுப்பு’ என்று அம்பேத்கர் சொன்ன கயிறு இங்கே இரண்டு பக்கமும் இழுக்கப்படுகிறது. முதலமைச்சர் பக்கத்துக் கயிறு இந்த 33 பேர் கொண்ட அவையில் கட்டப்பட்டிருக்கிறது, ஆளுநர் பக்கத்துக் கயிறு மக்களவையில். அந்த மக்களவைக்குப் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்ந்து அனுப்புவது ஓர் உறுப்பினரை.